விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுபோகும் கேரவன் ஃப்ரிட்ஜ்

கேள்வி: அண்ணா, மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் இருக்கிறோம். போன வருஷம் பழைய கேரவன் ஒன்று வாங்கினோம். கூரையில் 120 வாட் சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி (மூடிய ஈய-அமில வகை), 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், டீசல் ஹீட்டர். இழுப்பது 2019 மாடல் டீசல் யூட் (பிக்கப் வண்டி); ஓடும்போது 12-பின் பிளக் வழியாக பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு கிராம்பியன்ஸ் மலைப் பக்கம், கரண்ட் வசதி இல்லாத முகாமில் தங்கினோம். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. அன்று மாலை நாலு மணிக்கு மீட்டர் 13.4 வோல்ட் காட்டியதே! திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் இன்சுலின் அதற்குள் இருந்தது. ஜூலை விடுமுறையில் தென் ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போகத் திட்டம். ஆன்லைனில் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி பார்த்து வைத்திருக்கிறேன். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைத்தால் போதும் என்கிறார் விற்பவர். நண்பர் வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பெரிய பேனல் ஒன்றும் சும்மா கிடைக்கிறது. இரண்டையும் போட்டால் சரியாகுமா? அம்மாவுக்காக ரைஸ் குக்கரும் ஓட வேண்டும்.

பதில்: அன்புள்ள தம்பி, அந்த லித்தியம் பேட்டரியை இந்த வாரம் வாங்காதீர்கள். நண்பரின் பேனலையும் இப்போதைக்கு அவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பேட்டரி அதிகம் உழைத்து நிற்கவில்லை, பட்டினியால் நிற்கிறது. அதற்குப் பெரிய பேட்டரி மருந்து இல்லை.

முதலில் அந்த 13.4. பேனலில் வெயில் படும்போது மீட்டர் காட்டுவது, கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஆளும் பெட்டி) உள்ளே தள்ளும் மின்சாரத்தால் உயர்ந்து நிற்கும் வோல்ட்டேஜ். பால் பொங்கி விளிம்புக்கு வந்தால் பால் கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அது அடங்கிய பிறகு அளவைப் பார்க்க வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் எதுவும் வராமல், ஃப்ரிட்ஜும் விளக்கும் ஓடாமல், சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஏஜிஎம் பேட்டரி 12.7 அல்லது 12.8 காட்டினால் அது நிறைந்தது. 12.2 காட்டினால் பாதி. அன்று மாலை ஆறரை மணிக்கு, ஒரு நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்திருந்தால்கூட 12.3-க்குக் கிட்டத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கணக்கு அதைத்தான் காட்டுகிறது. உங்களுடையது போன்ற கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 40 ஆம்பியர்-மணி எடுக்கும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). எல்இடி விளக்குகளுக்கு 5, தண்ணீர் பம்புக்கு 2, நாலு பேரின் போன், பிள்ளைகளின் டேப்லட் எல்லாம் சேர்த்து 8, இரவெல்லாம் ஓடும் டீசல் ஹீட்டருக்கு 10. ஆக 65. வரவு என்ன? 120 வாட் பேனல் நல்ல வெயிலில் 6.7 ஆம்பியர் தரும். விக்டோரியாவில் ஏப்ரல் மாதத்தில் தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம்தான் கிடைக்கும். தூசி, மர நிழல், வயர் இழப்பு போக 20 ஆம்பியர்-மணி கைக்கு வந்தால் பெரிது. தினமும் 45 கடன். ஏஜிஎம் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, ஆகவே புதிதாக இருந்தாலும் பயன்படுவது 50-தான். இரண்டாம் இரவைத் தாண்டியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். 200 ஆம்பியர்-மணி லித்தியம் போட்டால் இந்தக் கடனோடு நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் அதே மூன்று மணிக்கு நிற்கும். உண்டியலைப் பெரிதாக்கினால் காசு கூடாது.

சரி, செலவு செய்வதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

கேரவனை வீட்டுக் கரண்டில் ஒரு முழு நாள் போட்டுவிட்டு, சார்ஜ் ஆகும்போதே பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை 13.8-லேயே அசையாமல் நின்றால், உங்கள் கேரவனில் இருப்பது உண்மையான சார்ஜர் இல்லை. பழைய கேரவன்களில் வரும் நிலையான வோல்ட்டேஜ் பவர் சப்ளை அது. ஏஜிஎம் நிறைய 14.4-க்கு மேல் ஏறி, அங்கே சில மணி நேரம் நிற்க வேண்டும். அந்தப் பெட்டி அதைச் செய்யாது. வருஷக்கணக்கில் முக்கால் வயிற்றோடு கிடந்த ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிடும்.

இரண்டாவது, பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நிறைத்து, ஓர் இரவு ஓய விட்டு, 5 ஆம்பியர் அளவுக்குச் சுமை கொடுங்கள். 60 வாட் 12 வோல்ட் விளக்கு ஒன்று இருந்தால் நல்லது. நல்ல 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரம் கழித்தும் 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும். நாலு மணி நேரத்திலேயே அங்கே விழுந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது. யூட்டை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, கேரவன் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6, 12.5 என்று காட்டினால் பயணத்தில் உங்கள் பேட்டரி சார்ஜே ஆகவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று வண்டி. புகைக் கட்டுப்பாடு இறுகிய பிறகு வந்த பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவியை, இன்ஜின் கம்ப்யூட்டர் ஆள்கிறது. யூட்டின் சொந்த பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் 15 வரை ஏற்றும். பின்னால் ஒரு கேரவன் பசியோடு வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று வயர். யூட்டின் பேட்டரியிலிருந்து கேரவன் பேட்டரிக்குச் சுமார் 10 மீட்டர் தூரம், போக வர 20 மீட்டர் செம்பு. இந்த ஊரில் கடையில் ‘4 மி.மீ.’ என்று விற்கும் ஆட்டோ வயரை வாங்கியவர்கள் 4 சதுர மி.மீ. செம்பு வாங்கியதாக நினைக்கிறார்கள். அந்த 4 என்பது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பு 1.84 சதுர மி.மீ.தான். ‘6 மி.மீ.’ வயரில் 4.6. அந்த 4 மி.மீ. வயரில் 15 ஆம்பியர் போனால் வழியிலேயே 2.8 வோல்ட் காணாமல் போகும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரி வாசலுக்கு 11.4 வந்தால் என்ன ஏறும்? ஒன்றும் ஏறாது. என்னிடம் வரும் ‘பேட்டரி சரியில்லை’ புகார்களில் கணிசமானவை இந்த வயரில்தான் முடிகின்றன. பேட்டரியை மாற்றி மாற்றிப் பணம் கரைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வு, கேரவன் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். வாசலுக்கு 12 வோல்ட் வந்தாலும் அதை 14.4 ஆக உயர்த்தி, பேட்டரி வகைக்கு ஏற்றபடி படிப்படியாக நிறைக்கும். அடிலெய்டில் இருக்கும் ரெட்ஆர்க், நெதர்லாந்தின் விக்ட்ரான் போன்றவர்களின் கருவிகளை இங்கே எல்லோரும் போடுகிறார்கள். யூட்டின் பேட்டரியிலிருந்து பின்பம்பர் வரை 6 பி அண்ட் எஸ் (வயர் தடிமனைச் சொல்லும் இன்னொரு அளவுமுறை) வயர் இழுங்கள். அதில் 13 சதுர மி.மீ.க்கு மேல் செம்பு இருக்கும். அங்கே அதிக மின்சாரம் தாங்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக், கேரவன் பக்கமும் அதே வயர். 12-பின் பிளக் விளக்குகளுக்கு மட்டும் இருக்கட்டும். இக்னிஷனிலிருந்து ஒரு சிறு வயரும் டிசி-டிசி சார்ஜருக்கு வர வேண்டும். உங்களுடையது போன்ற ஆல்டர்னேட்டரில் வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால், இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சார்ஜருக்குத் தெரியாது. இந்தச் சிறு வயரை விட்டுவிட்டு, ‘புது சார்ஜர் அடிக்கடி தூங்குகிறது’ என்று வந்தவர்கள் உண்டு.

இதன் பலனைப் பாருங்கள். மெல்பர்னிலிருந்து அடிலெய்ட் வழியாக ஃப்ளிண்டர்ஸில் இருக்கும் வில்பீனா வரை சுமார் 1,150 கி.மீ. கேரவனோடு குறைந்தது இரண்டு நாள். தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் 25 ஆம்பியர் வீதம் 150 ஆம்பியர்-மணி தரும் வசதி உங்களிடம் இருக்கும். குளிர்காலத்தில் கூரைப் பேனல் ஒரு வாரத்தில் தருவதற்குச் சமம் அது. போய்ச் சேரும்போது பேட்டரி நிறைந்திருக்கும்.

ஃப்யூஸ் பற்றி ஒரு வார்த்தை, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கேரவன் என்னிடம் வந்தது. பம்பருக்கு மேல் வயரின் உறை தகட்டு விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, செம்பு சேஸிஸில் பட்டிருக்கிறது. யூட்டின் பேட்டரிப் பக்கம் ஃப்யூஸ் இல்லை. ஐந்து மீட்டர் வயரும் உருகி, பக்கத்தில் ஓடிய விளக்கு வயர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பகலில், நிறுத்தியிருந்த வண்டியில் நடந்ததால் குடும்பம் தப்பியது. இழுக்கும் அந்த நீள வயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஆகவே இரண்டு பக்கமும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், வயர் தாங்கும் அளவுக்கு மேற்படாத ஃப்யூஸ் போடுங்கள். ஃப்யூஸ் கருவிக்கான காவல் என்று பலர் நினைக்கிறார்கள், அது வயருக்கான காவல்.

இனி சோலார். நண்பரின் வீட்டுப் பேனல் வேண்டாம். 20 கிலோவைத் தொடும் கண்ணாடிப் பலகை அது. கேரவன் கூரையில் காற்றுக்கும் குலுக்கலுக்கும் அதைப் பத்திரமாகப் பிடித்துவைப்பது எளிதல்ல. அதைவிட, சுமை இல்லாதபோது அதன் வோல்ட்டேஜ் 40 பக்கம் போகும். சோலார் உள்ளீடும் சேர்ந்து வரும் டிசி-டிசி சார்ஜர்களில் சில 32 வோல்ட் வரைதான் தாங்கும். மாட்டிய அன்றே புது சார்ஜர் போய்விடும்.

அதற்குப் பதில் 200 வாட் மடிப்பு பேனல் ஒன்று வாங்குங்கள், 12 வோல்ட் வகை. அதன் முதுகில் தனியாகக் கண்ட்ரோலர் ஒட்டியிருந்தால் அதைத் தாண்டி நேராக வயர் எடுங்கள், ஒரு கண்ட்ரோலருக்குப் பின்னால் இன்னொன்று இருக்கக் கூடாது. டிசி-டிசி சார்ஜருக்குள் இருக்கும் எம்பிபிடி, அதாவது பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகைக் கண்ட்ரோலர், கூரைப் பேனலையும் இதையும் சேர்த்து ஆளும். இப்போது உங்களிடம் இருப்பது பிடபிள்யூஎம் என்னும் எளிய வகைக் கண்ட்ரோலராகத்தான் இருக்கும். 18 வோல்ட்டில் நன்றாக உழைக்கும் பேனலை அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து வைத்து, 120 வாட்டை 87 ஆக்கிவிடுகிறது. கழற்றிவிடலாம்.

மடிப்பு பேனல் ஏன் என்றால், நாம் திருநெல்வேலி வெயிலை மனதில் வைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போடுகிறோம். அங்கே வருஷம் முழுக்க மத்தியானச் சூரியன் நல்ல உயரத்தில், மொட்டைமாடியில் தட்டையாக விரித்த வற்றலும் காயும், பேனலும் காயும். ஜூலையில் ஃப்ளிண்டர்ஸில் நண்பகல் சூரியனின் உயரம் 35 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதுவும் வடக்குத் திசையில். தட்டையாகக் கிடக்கும் கூரைப் பேனலுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல்தான் விழும். மடிப்பு பேனலை வடக்கு நோக்கி, நன்றாக நிமிர்த்தி, தரையிலிருந்து 55 டிகிரி சாய்வில் வையுங்கள். தெளிவான நாளில் அது மட்டும் 45 ஆம்பியர்-மணி தரும், கூரையில் இருப்பது 20 தரும். உங்கள் 65 வந்துவிட்டது. மேகமூட்டமான நாளில் யூட்டை மாட்டி ஒரு மணி நேரம் எங்காவது போய் வாருங்கள், அல்லது கிளம்பும் நாளை ஒரு நாள் முன்தள்ளுங்கள்.

நிழலையும் சொல்ல வேண்டும். பேனலின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு கிளையின் நிழல் நாலு செல் மேல் விழுந்தாலே பாதி உற்பத்தி போய்விடும். கோடையில் மர்ரி ஆற்றங்கரைக்குப் போனால் இதே பேனல் இன்னும் உதவும். கேரவன் நிழலில், பேனல் வெயிலில். ஆனால் அந்த நிழலுக்காக ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் மரத்துக்கு அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையை முறித்துப் போடும் மரம் அது.

ரைஸ் குக்கர். ஆசை புரிகிறது, அம்மாவுக்குச் சோறு இல்லாமல் எப்படி? 700 வாட் குக்கர், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து 12 வோல்ட் பக்கம் 65 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரத்தில் 33 ஆம்பியர்-மணி, அதாவது ஃப்ரிட்ஜின் ஒரு நாள் சாப்பாட்டில் பெரும்பகுதி. இதற்காகப் பெரிய இன்வெர்ட்டர், தடித்த வயர், இரட்டை பேட்டரி என்று வளர்ந்துகொண்டே போகும். கேரவனில் கேஸ் அடுப்பு இருக்கிறதே. மூன்று லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்துப் போங்கள், பத்து நிமிடத்தில் சோறு தயார். சமைக்கும்போது ஜன்னலும் மேல் வென்ட்டும் திறந்திருக்கட்டும். கரண்ட் உள்ள முகாமில் தங்கும் நாளில் ரைஸ் குக்கரையும் மிக்ஸியையும் தாராளமாக ஓட்டுங்கள்.

இப்போது லித்தியம். அதை நான் எதிர்க்கவில்லை. உங்கள் ஏஜிஎம் இரண்டாவது சோதனையில் தோற்றால் லித்தியம்தான் போடச் சொல்வேன். 30 கிலோவுக்குப் பதில் 12 கிலோ, 100-இல் 80-க்கு மேல் எடுக்கலாம், டிசி-டிசி தரும் 25 ஆம்பியரையும் ஏறக்குறைய கடைசி வரை வாங்கிக்கொள்ளும். ஏஜிஎம் கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் இழுக்கும். ஆனால் மேலே சொன்ன கணக்குக்கு 100 ஆம்பியர்-மணி போதும், 200 தேவையில்லை.

‘அதே இடத்தில் வைத்தால் போதும்’ என்பதைத்தான் ஏற்க மாட்டேன். உங்கள் பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கேரவன் மின் அமைப்புக்கான ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலை ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2:2022-இன்படி, லித்தியம் பேட்டரி ஆட்கள் தங்கும் அறைக்குள் திறந்திருக்கக் கூடாது. அறையிலிருந்து அடைத்துப் பிரித்த பெட்டியில், காற்றுப்போக்கு வெளிப்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். அம்மாவும் பிள்ளைகளும் அதன் மேல்தான் தூங்கப்போகிறார்கள். அப்புறம் குளிர். ஃப்ளிண்டர்ஸில் ஜூலை இரவு பூஜ்யத்துக்கே இறங்கும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம். அந்த நேரத்தில் சார்ஜைத் தானே நிறுத்தும் வசதி பிஎம்எஸ்-இல் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பேட்டரி பாருங்கள். பழைய 13.8 பவர் சப்ளையும் போக வேண்டும், லித்தியம் அமைப்பு உள்ள சார்ஜர் வேண்டும். அந்த மாற்றத்தில் 240 வோல்ட் வயரைத் தொடும் வேலை இருந்தால், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், அது சட்டம். 12 வோல்ட் வேலையை நீங்களே பொறுமையாகச் செய்யலாம்.

பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் ஒரு ஷன்ட் மானிட்டரும் போடுங்கள். உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் ஆம்பியர்-மணியில் எண்ணிக் காட்டும். அது வந்த பிறகு அந்த 13.4-ஐ நம்பி யாரும் ஏமாற வேண்டியதில்லை.

இன்சுலின் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. எல்லாம் சரியாகச் செய்த பிறகும், அம்மாவின் மருந்தை ஒரே ஃப்ரிட்ஜின் பொறுப்பில் விடாதீர்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்தால் கெட்டுவிடும். குளிர் தகட்டை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள், இரவில் என்ன நடந்தது என்று காலையில் தெரிந்துவிடும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைப் பொதுவாகச் சில வாரங்கள் வெளியிலேயே வைக்கலாம். அம்மாவுடைய வகைக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று மருந்தாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் மூன்று அளவுகள், பிறகு வயரும் ஃப்யூஸும் டிசி-டிசியும், அதன்பின் மடிப்பு பேனல், தேவைப்பட்டால் கடைசியில் பேட்டரி. ஜூன் நடுவில் ஒரு வாரக்கடைசியில், கேரவனை வீட்டு வாசலிலேயே கரண்ட் இல்லாமல் இரண்டு இரவு ஓட்டிப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, ஹீட்டர் போட்டு, பிள்ளைகளை அதிலேயே தூங்க வையுங்கள். மெல்பர்ன் ஜூன் வெயிலில் தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது, ஃப்ளிண்டர்ஸைவிடக் கடினமான சோதனை அது. ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு ஷன்ட் என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள். கூடவே அந்த மூன்று அளவுகளையும் அனுப்புங்கள். பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.